தகடூர் இரும்பும் இசுமோ எஃகும்

பழைய தகடூரான தருமபுரி, அரூர், பென்னாகரம் பக்கத்து நடுகற்களில் வீரன் பெரும்பாலும் இரண்டு ஆயுதங்களோடு நிற்கிறான். இடக்கையில் வில், வலக்கையில் வாளோ குறுவாளோ. சில கற்களில் குறுவாள் உறைக்குள் இருக்கிறது. இடைக்கச்சையில் செருகிய அதன் பிடி மட்டும் மேலே தெரிகிறது. பக்கத்தில் உள்ள எழுத்து, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் தொறு, அதாவது மாட்டுமந்தை, கவர்ந்தார்கள், மீட்கப் போய் யார் பட்டார்கள் என்று சொல்கிறது. பல்லவ அரசர்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்துக் கற்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. அரூரைத் தாண்டிச் செங்கம் பக்கம் போனால் எடுத்தனூரில் ஒரு நாய்க்கும் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. தலைவன் பட்ட பிறகு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். நாயின் பெயரையே மறக்காத அந்த மரபில், வீரன் கையிலிருந்த அலகை அடித்த கொல்லனுக்கு ஒரு சொல் ஒதுக்கப்படவில்லை.

ஜப்பானின் குறுவாளில் நிலைமை நேர்மாறு. ஒரு ஷாக்கு, அதாவது சுமார் 30 செ.மீ.க்கு உட்பட்டது தாந்தோ. அதற்கு மேல் இரண்டு ஷாக்கு, சுமார் 60 செ.மீ. வரை உள்ளது வகிசாஷி. இரண்டிலும் பிடியை ஒரே ஒரு மூங்கில் ஆணிதான் பிடித்து வைத்திருக்கிறது. அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று, உள்ளே இருக்கும் காம்பு வெளியே வரும். அதில் பல வேளை கொல்லன் உளியால் கொத்திய தன் பெயர் இருக்கும், சிலவற்றில் ஊரும் ஆண்டும் மாதமும்கூட. அலகை எத்தனை முறை தீட்டினாலும் காம்பைத் தீட்ட மாட்டார்கள். அதன் கறுத்த துருவின் நிறத்தை வைத்தே வயதைக் கணிக்கிறார்கள். அந்த வாளை வைத்து யார் யாரை வென்றார் என்பது மறந்துபோயிருக்கலாம். செய்தவர் யார் என்பது மறக்கவில்லை.

இந்த வேறுபாட்டை ஜப்பானியருக்கு வந்த நன்றியுணர்ச்சி, நமக்கு வராத நன்றியுணர்ச்சி என்று சுருக்கிவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. இரண்டு நாட்டு இரும்புத் தொழிலும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரு குறிப்பிட்ட படியில் எதிரெதிர் வழியில் பிரிந்தன. பெயர் நின்றதும் அழிந்ததும் அந்தப் பிரிவிலிருந்து வந்தவை என்றே நினைக்கிறேன்.

தொடக்கம் உண்மையிலேயே ஒன்றுதான். அரூர் வட்டத்துத் தீர்த்தமலையைச் சுற்றியுள்ள பாறைகளில் கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக ஓடும் கல் உண்டு. வெள்ளை வரி குவார்ட்ஸ், கறுப்பு வரி மாக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது. 1864-இல் கிங், ஃபுட் என்ற நிலவியலாளர்கள் அன்றைய சேலம் மாவட்டத்து இரும்பு மலைகளை வகைப்படுத்தியபோது கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலை ஆகியவற்றோடு தீர்த்தமலையையும் தனித் தொகுதியாக வைத்தார்கள். கல்லை உடைத்து இடித்துப் பொடியாக்கி, முறத்தில் புடைத்தோ நீரில் அலசியோ வெள்ளைப் பொடியை நீக்கினால் கறுப்பு மணல் மிஞ்சும். மழைக்குப் பின் ஓடைகளில் தானாக ஒதுங்கும் கறுப்பு மணலும் இதுவே. ஜப்பானில் ஷிமானே மாகாணத்து ஒகுயிசுமோவில், அதாவது பழைய இசுமோ நாட்டு மலைப்பகுதியில், மலைச்சரிவை வெட்டி வாய்க்கால் நீரில் கரைத்துவிட்டு அடியில் தங்கும் கறுப்பு மணலைச் சேர்த்தார்கள். அதுவும் மாக்னடைட். வெட்டித் தீர்ந்த சரிவுகளை அவர்கள் படிக்கட்டு வயல்களாக்கி நெல் நட்டார்கள். ஒகுயிசுமோவின் இன்றைய வயல்வெளியில் ஒரு பகுதி பழைய இரும்புச் சுரங்கம்தான். நம்மிடம் அந்தத் தொழிலின் மிச்சமாகக் கிடப்பது, கழனி ஓரத்திலும் கரட்டடியிலும் குவிந்திருக்கும் இரும்புக் கசடு.

தாதை இரும்பாக்கும் உலையில் அளவு மாறுகிறது. ஜப்பானின் ததாரா உலை, களிமண்ணால் கட்டிய நீளமான தொட்டி. மூன்று பகல், மூன்று இரவு தூங்காமல், மணலும் கரியும் மாறி மாறிக் கொட்டி எரிப்பார்கள். இன்று இயங்கும் உலையில் ஒரு முறைக்கு ஏறக்குறைய 10 டன் இரும்பு மணலும் 12 டன் கரியும் போகின்றன. கடைசியில் உலையையே உடைத்துப் போட்டால் அடியில் 2.5 டன் எடையுள்ள ஒரே கட்டி கிடக்கும். அதிலும் வாளுக்கு ஏற்ற முதல் தர எஃகு, அவர்கள் தமாஹகானே என்று சொல்வது, ஒரு டன்னுக்கும் குறைவே. சேலம், பாராமகால் (தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய பெயர்) பக்கத்து உலையோ மூன்றிலிருந்து ஐந்தடி உயரம், மேலே போகப்போகக் குறுகும் மண்கூடு. ஆட்டுத்தோல் துருத்தி இரண்டு, மூங்கில் குழல், அதன் நுனியில் சுட்ட மண்மூக்கு. சில மணி நேரத்தில் ஒரு சிறு இரும்புக் கட்டி கிடைக்கும். ததாராவுக்கு ஒரு ஊரே உழைக்க வேண்டும். தீயின் நிறம் பார்த்துக் கட்டளையிட முராகே என்ற தலைமை உலைக்காரர் ஒருவர் வேண்டும். நம் உலைக்கு ஒரு குடும்பம் போதும்.

பெரியதோ சிறியதோ, கரி எரியும் இந்த உலைகளில் வாளுக்கான இரும்பு நீராக உருகி ஓடுவதில்லை. கலப்பற்ற இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். உலை தருவது கசடும் கரியும் உள்ளே சிக்கிய, ஓட்டை ஓட்டையான கட்டி. அதில் கார்பன் ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் இருக்கும். கார்பன் மிகக் குறைந்தால் அலகு வளையும், கூர் நிற்காது. மிகக் கூடினால் கண்ணாடிபோல் உடையும். எனவே இரு நாட்டுத் தொழிலாளிக்கும் முன்னால் நின்றது ஒரே கேள்வி: இந்த ஒழுங்கற்ற கட்டியை ஒரே சீரான எஃகாக்குவது எப்படி?

ஜப்பானியக் கொல்லன் அடித்துச் சீராக்கினான். தமிழ்நாட்டு உருக்குக்காரன் உருக்கிச் சீராக்கினான்.

நம்முடைய வழியை முதலில் பார்க்கலாம். 1839-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் இந்திய இரும்பையும் உருக்கையும் பற்றி எழுதினார். சென்னை அரசுப் பணியை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கி, சேலத்துத் தாதை அங்கே கொண்டுபோய் உருக்கியவர் இவர். அவர் சொல்லும் முறை இது. உமி கலந்த களிமண்ணில் ஒரு மூசை. அதற்குள் சிறு துண்டுகளாக வெட்டிய இரும்பு. இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு, காய்ந்த ஆவாரங்கட்டை பொடியாக நறுக்கியது. மேலே எருக்கு அல்லது ஒரு கொடியின் பச்சை இலை ஒன்றிரண்டு. வாயில் பிசைந்த களிமண்ணை அப்பி, காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். மண் காய்ந்ததும் இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரு சிறு உலையில் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். 1800-இல் மைசூர்ப் பக்கம் பயணம் செய்த புக்கானனும் ஏறக்குறைய இதையே கண்டு எழுதியிருக்கிறார். ஆவாரை அவர் குறிப்பிலும் இருக்கிறது.

மூசைக்குள் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. கட்டை கரியாகிறது. கரியின் கார்பன் சிவந்த இரும்புக்குள் ஊறுகிறது. கார்பன் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பம் இறங்குகிறது. கலப்பற்ற இரும்பை உருக்க முடியாத அதே சிறு உலையின் சூட்டில், கார்பன் ஏறிய இரும்பு முழுமையாக நீராகிவிடுகிறது. நீரானவுடன் கசடு தானே மேலே மிதக்கிறது, கார்பன் எங்கும் ஒரே சீராகப் பரவுகிறது. ஆறியபின் மூசையை உடைத்தால், நம் தருமபுரி மாவட்டத்து அச்சு வெல்லம் போல, கிண்ணத்தின் அடிவடிவை வாங்கிய சிறு கட்டி ஒன்று வெளியே விழும். அதன் மேற்பரப்பில் நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கதிர்கதிராகக் கோடுகள் ஓடினால் உருகல் நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கோடுகளைப் புக்கானன் கவனித்துக் குறித்திருக்கிறார். கோடில்லாத கட்டி அரைகுறையாக உருகியது.

இங்கிலாந்தில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் ஷெஃபீல்டில் எஃகை மூசையில் உருக்கத் தொடங்கியது 1740-களில்தான். நம்மூரில் அதே வேலை அதற்கு வெகு காலம் முன்பே ஆட்டுத்தோல் துருத்தியின் பக்கத்தில் நடந்தது. கொடுமணல் அகழாய்வில் மூசை உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் உடைந்த மூசைகளைச் சேகரித்து ஆராய்ந்த சாரதா சீனிவாசன், உயர்கார்பன் உருக்கு அங்கே செய்யப்பட்டதை உறுதிப்படுத்தினார். இந்தச் சாதனையைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயரவே செய்கிறது. எஃகை அதன் உள்ளிருந்து சீராக்கும் வழியை நம்மவர்கள் கண்டார்கள். ததாரா எஃகு அந்த இடத்துக்கு வரவே இல்லை.

வராததால் ஜப்பானியர் என்ன செய்தார்கள் என்பதில்தான் அவர்களுடைய மேன்மை இருக்கிறது.

தமாஹகானேயைத் தகடாகத் தட்டித் தண்ணீரில் போட்டுச் சிறு சில்லுகளாக உடைக்கிறார்கள். உடைந்த வாயின் மினுமினுப்பைப் பார்த்துக் கார்பன் கூடியது, குறைந்தது என்று பிரிக்கிறார்கள். சில்லுகளை அடுக்கி, தாளில் சுற்றி, வைக்கோல் சாம்பலும் களிமண் குழம்பும் பூசி உலையில் வைக்கிறார்கள். சாம்பலும் மண்ணும் எதற்கென்றால், காற்றுப்பட்டு எஃகு எரிந்துபோகாமல் காக்க. வெள்ளைச் சூட்டில் எடுத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கி, நடுவில் வெட்டி மடித்து, மறுபடி அடிக்கிறார்கள். இப்படிப் பத்துப் பதினைந்து முறை. பத்து மடிப்பில் அடுக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொரு சூட்டிலும் கசடு தெறிக்கிறது, கொஞ்சம் எஃகும் பொருக்காக உதிர்கிறது, கார்பன் குறைகிறது. 1 முதல் 1.5 சதவீதம் வரை இருந்த கார்பன் முடிவில் 0.6, 0.7-க்கு வந்து நிற்கிறது. எடையில் பாதிக்கும் மேல் தீயிலும் பட்டறைத் தரையிலும் போய்விடுகிறது. பின்னர் இந்தக் கடின எஃகை வெளித்தோலாகவும் கார்பன் குறைந்த மென்னிரும்பை உள்கருவாகவும் வைத்து அலகை நீட்டுகிறார்கள். மடிப்பை ஒரு மந்திரம்போலச் சிலர் பேசுவதுண்டு. அது உருக்க முடியாத எஃகை வழிக்குக் கொண்டுவரக் கண்ட, கடும் உழைப்பு கேட்கும் ஒரு வழி. மூசை எஃகுக்கு அது தேவையே இல்லை.

மந்திரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அடுத்த படியைச் சொல்லலாம். களிமண், கரித்தூள், சாணைக்கல் பொடி மூன்றையும் குழைத்து அலகின் மேல் பூசுகிறார்கள். முதுகுப்பக்கம் கனமாக, வாய்ப்பக்கம் மெல்லிசாக. பிறகு மெல்லிய களிமண் கோடுகளை முதுகிலிருந்து வாய் நோக்கிக் குறுக்கே இழுக்கிறார்கள். பூச்சு காய்ந்ததும் பட்டறையை இருட்டாக்கிவிட்டு அலகைச் சூடேற்றுகிறார்கள். வெளிச்சத்தில் சிவப்பின் நிறம் ஏமாற்றும். சுமார் 800 டிகிரியில் சரியான சிவப்பு முழு நீளத்துக்கும் வந்ததும் ஒரே வீச்சில் தண்ணீருக்குள். மண் மெல்லிசாக உள்ள வாய் கண்சிமிட்டும் நேரத்தில் குளிர்ந்து மிகக் கடினமாகிறது. கனத்த மண்ணுக்கு அடியில் முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாக நிற்கிறது. கடினமான பகுதி விரிவதால் அலகு முதுகுப்பக்கம் வளைகிறது. வாளின் வளைவில் ஒரு பங்கு இந்த நொடியில் பிறப்பது. கடினமும் இளக்கமும் சந்திக்கும் எல்லை, மேகத்தின் ஓரம்போல் வெண்மையாகத் தெரியும். அதுவே ஹமோன். குறுக்கே இழுத்த மண்கோடுகளின் அடியில் இளக்கமான எஃகு விரல்விரலாக வாய்க்குள் இறங்கியிருக்கும். சண்டையில் வாய் உடைந்தாலும் உடைப்பு அந்த விரலோடு நின்றுவிடும், அடுத்த பகுதிக்கு ஓடாது. அழகுக்காகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது அலங்காரம். கொல்லனுக்கு அது உயிர்காப்பு. பூச்சு உரிந்தாலோ சூடு பிசகினாலோ அலகு விரிசல் விட்டுவிடும். மாதக்கணக்கில் செய்த வேலை போயிற்று.

அதற்குப் பின்னும் அலகு கொல்லனிடமே முடிவதில்லை. தீட்டுவது தனித் தொழில். முரட்டுக் கல்லிலிருந்து மென்கல்லுக்கு ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் தாளில் ஒட்டிய மெல்லிய கல்சில்லைக் கட்டைவிரலின் கீழ் வைத்து அலகின் மேல் மெதுவாகத் தேய்க்கிறார்கள். உறை செய்பவர் வேறு, பிடிக்குத் திருக்கைமீன் தோல் போர்த்திக் கயிறு கட்டுபவர் வேறு.

இதற்கு எதிரே நம் உருக்கில் தோன்றும் கோலத்தை வைத்துப் பார்க்க வேண்டும். உயர்கார்பன் உருக்குக் கட்டியை மிதமான சூட்டில், செர்ரிப்பழச் சிவப்பைத் தாண்டாமல், பல முறை காய்ச்சி அடித்து நீட்டினால், அலகின் மேல் நீரலை போன்ற வரிகள் எழும். அமிலம் தடவினால் இன்னும் தெளியும். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியது இந்த வரிகளைத்தான். 1998-இல் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் டாக்ஷ் என்பவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இதற்குக் காரணம் தாதில் இயல்பாகக் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களின் மிகச் சிறு துளிகள் என்றது. அந்தத் துளிகள் இருந்த இடங்களில் கார்பைடுகள் வரிசை கட்டிச் சேர்கின்றன. குறிப்பிட்ட தாது தீர்ந்தபோது, கை பழகிய கொல்லனிருந்தும் கோலம் வராமல் போயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஹமோன் கொல்லனின் கை வரைந்தது. டமாஸ்கஸ் வரியில் பாதி மலை கொடுத்தது. ஒன்றில் செய்தவனை வாளிலேயே அடையாளம் காணலாம். மற்றொன்றில் மண்ணின் அடையாளம்தான் தெளிவாக நிற்கிறது.

பெயர் விஷயத்துக்கு இப்போது வரலாம். ஜப்பானில் எஃகைத் தேர்ந்தது முதல் அலகைத் தண்ணீரில் இறக்கியது வரை எல்லாத் தீர்மானமும் ஒரே கொல்லனின் கையில் கூடுகிறது. வாளின் தரம் அந்த மனிதனின் தரம். எனவே பெயர் கொத்துவது இயல்பாக வந்தது. நம் முறையில் மேதைமை மூசைக்குள் முடிந்துவிடுகிறது. உருக்குக்காரன் விற்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கட்டி. அதை வாங்கிச் செல்பவன் வணிகன். அலகாக அடிப்பவன் இன்னோர் ஊரில், சில வேளை இன்னொரு நாட்டில். கோல்கொண்டா நாட்டில் கோனசமுத்திரம் போன்ற ஊர்களின் உருக்கு பாரசீகம் வரை போனது. கடைசியில் வாளுக்கு வந்த பெயர் அது விற்ற சந்தையின் பெயர் என்பது பொதுவான கருத்து. உருகியது தென்னாட்டில், புகழ் டமாஸ்கஸுக்கு.

இதைச் சொல்வதால் இங்கே வாளடிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று யாரும் கொள்ள வேண்டாம். மேட்டூர் பக்கத்துத் தெலுங்கனூர் ஈமச்சின்னத்தில் கிடைத்த இருபுறமும் வாயுள்ள வாளை ஆராய்ந்து, உயர்கார்பன் எஃகால் தேர்ந்த கையால் அடிக்கப்பட்டது என்று 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதன் காலம் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதி. 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்த மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தகடூரின் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடிய புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் கொல்லன் பட்டறையே அரசியல் வாதமாகிறது. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசிக் காவலில் இருக்கின்றன, அதியமானுடையவை போரில் நுனி முறிந்து கொல்லன் சிற்றிலில் கிடக்கின்றன என்கிறார். ஜப்பானியர் இன்றும் கிராம்பெண்ணெய் தடவி வாளைக் காப்பதை நினைத்தால், தொண்டைமானின் ஆயுதச்சாலை அவர்களுக்குப் பிடித்திருக்கும். ஔவையாரின் மனம் எந்தப் பக்கம் என்பது நமக்குத் தெரியும். பயன்பட்டு முறிந்ததைப் பெருமையாகக் கண்ட பண்பாடு நம்முடையது. அந்தப் பெருமை எனக்குப் பிடித்தமானது. ஆனால் முறிந்த ஆயுதம் மறுபடி உலையில் உருகி வேறொன்றாகும், அதில் எந்தப் பெயரும் நிற்காது.

பிற்காலத்தில் சங்கிலி இன்னும் தளர்ந்தது. தஞ்சை அரண்மனைக் கட்டாரிகளில் பலவற்றின் பிடி நம் கொல்லரின் மிக நுட்பமான வேலை; அதில் பொருத்தியிருக்கும் அலகோ ஐரோப்பாவிலிருந்து வந்த வாள் அலகை வெட்டிச் சேர்த்தது. உலகத்துக்கே உருக்கு கொடுத்த நாடு அயல்நாட்டு அலகை இறக்குமதி செய்த காட்சியை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் காணலாம். அவையும் தப்பிப் பிழைத்தவை. 1855-இல் தஞ்சை அரசர் இறந்தபின் ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. சிறந்தவற்றைப் பொறுக்கிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள் என்று வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878-இல் எழுதினார்.

ஜப்பானிலும் தொழில் இரண்டு முறை சாவின் விளிம்புக்குப் போனது. 1876-இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. கொல்லர்கள் சமையற்கத்திக்கும் அரிவாளுக்கும் போனார்கள். ஆனாலும் 1906-இல் கஸ்ஸான் சதகாசு, மியாமோத்தோ கனெநோரி என்ற இரண்டு வாட்கொல்லர்களை அரண்மனை, அரசவைக் கலைஞர்களாக ஏற்றது. 1945-இல் தோற்ற நாட்டில் அமெரிக்கப் படை வாள்களைப் பறிமுதல் செய்தது. ததாரா உலைகள் அணைந்தன. 1953-க்குப் பிறகு உரிமத்தோடு வாள் செய்ய வழி பிறந்தது, ஆனால் போதிய எஃகு இல்லை. கலை வாள் பாதுகாப்புச் சங்கம் 1977-இல் ஒகுயிசுமோவில், போர்க்காலத்தில் உலை இருந்த அதே இடத்தில், ததாராவை மறுபடி மூட்டியது. அணைந்ததற்கும் மூட்டியதற்கும் இடையே 32 ஆண்டுகள். அதனால் முன்பு அந்த உலையில் வேலை பார்த்த முதியவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் வழிகாட்ட இளையவர்கள் கற்றார்கள். இன்று வாட்கொல்லனாக வேண்டுமென்றால் உரிமம் பெற்ற ஒருவரிடம் ஐந்து ஆண்டு பயிற்சி பெற்று, அரசுப் பண்பாட்டு முகமை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். ஒருவர் மாதத்துக்கு நீண்ட வாள் இரண்டு, அல்லது குறுவாள் மூன்றுக்கு மேல் செய்யக் கூடாது. அளவுக் கட்டுப்பாடு தொழிலை நெரிப்பதுபோல் தோன்றினாலும், அவசர வேலைக்கும் மலிவுப் போட்டிக்கும் அது இடம் தரவில்லை.

நம் இடைவெளி நூறாண்டுக்கு மேல். 1792-இல் பாராமகால் திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கம்பெனி அதிகாரி ரீடின் கீழ் மன்றோ தருமபுரியிலிருந்து வரி நிர்ணயம் செய்தார். அதே பத்தாண்டில் லண்டனில் ஜார்ஜ் பியர்சன், பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட இந்திய உருக்குக் கட்டிகளை ஆராய்ந்து 1795-இல் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை படித்தார். 1819-இல் ஃபாரடே அதைப் பகுத்துப் பார்த்தார். நம் உருக்கு அங்கே ஆய்வகத்தில் அமர்ந்திருந்தபோது, இங்கே உருக்குக்காரனின் அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது. கப்பலில் வந்த மலிவு ஆங்கில இரும்பு ஒரு பக்கம், கரிக்கு மரம் வெட்ட 1882-இன் சென்னைக் காட்டுச் சட்டம் போட்ட கட்டுப்பாடு மறு பக்கம். ஆயுதம் வாங்கிய பாளையங்களும் அரண்மனைகளும் போயின. உருக்குக்காரனுக்கு நேரடியாக வாள் விற்கும் உறவு முன்பே இல்லாததால், அவனைக் காப்பாற்ற ஓர் அரசவையோ சேகரிப்பாளனோ வரவில்லை. கஸ்ஸானைத் தேடி அரண்மனை வந்ததற்குக் காரணம், காம்பில் அவர் பெயர் இருந்தது.

இலங்கையில் இந்த முறை இன்னும் கொஞ்சம் நீடித்தது. ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில், மூசை உருக்கு செய்யத் தெரிந்த முதியவர்களைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஈழத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த, நிலவியல் படித்த அந்த மனிதர் போய் உட்கார்ந்து எழுதிய பக்கங்களும், ஹீத்தும் புக்கானனும் எழுதிய சில பக்கங்களும்தான் நம் கையில் இருக்கும் முராகே.

அவை போதுமா என்றால், போதும் என்று ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்த பெண்ட்ரே காட்டினார். மூசையில் உருக்கி, வரியோடும் அலகை அவர் அடித்தார். இங்கே தீர்த்தமலையில் தாது இருக்கிறது, ஆவாரை வேலியோரமெல்லாம் பூக்கிறது, உமிக்குப் பஞ்சமில்லை. பழைய கசட்டையும் மூசைச் சில்லையும் ஆய்வகத்தில் பகுத்து, அதில் கண்ட சூட்டையும் கலவையையும் உலையில் சோதிக்க ஒரு பொறியியல் கல்லூரியும் ஒரு கொல்லுப்பட்டறையும் சேர்ந்தால் வேலை தொடங்கும். கடினமான பகுதி பட்டறையில் வரும். தருமபுரிச் சந்தைக்கு அரிவாளும் கொடுவாளும் அடிக்கும் கொல்லர் இன்று எடுப்பது லாரியின் வில்பட்டை. அது நல்ல எஃகு. மஞ்சள் சூட்டில் அடித்தால் இசைந்து நீளும், தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கூர் நிற்கும். அந்த மஞ்சள் சூட்டில் மூசைக் கட்டியை வைத்து ஓங்கி அடித்தால் அது நொறுங்கிவிடும். ஐரோப்பியக் கொல்லர்கள் இருநூறு ஆண்டுக்கு முன் நம் உருக்கோடு பட்ட பாடு இதுதான். இங்கே நம் கொல்லர்களோ அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டிகளைக் கரித்தீயில் மணிக்கணக்கில், உருகும் சூட்டுக்குச் சற்றுக் கீழே வைத்துப் பதப்படுத்தினார்கள் என்று ஹீத் எழுதியிருக்கிறார். பதமான கட்டியை மங்கிய சிவப்பில் எடுத்து, சிறு சம்மட்டியால் மெல்லத் தட்டி, ஆறுமுன் மீண்டும் உலையில் வைத்து, ஓர் அங்குலம் நீட்டவே அரை நாள் செலவழிக்கும் பொறுமையோடு தொடங்க வேண்டியிருக்கும்.